உப்புப் போட்ட ஐஸ்

எனக்கு மற்றவர்களைவிடப் பொறாமை கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் நான் இருந்த இருப்பை வாசித்துவிட்டு, பாவம், பிள்ளையை இழந்த துக்கத்தில் அப்படி ஆகிவிட்டாள் என்று நினைப்பீர்கள். பிள்ளைக்கு முன்பே எனக்கு இந்தக் குணம் இருந்தது. பத்தொன்பது வயதில் நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து, மற்றவர்கள் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறார்கள் என்று பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. கலியாண வீடுகளில் பலகாரத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். அதில் கை வைக்கிறவளைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

என்னுடையது மாத்திரைக் குளிசையில் அடங்குகிற வகை அல்ல. இன்சுலின் என்று ஒன்று எல்லோருடைய உடம்பிலும் தானாகச் சுரக்கிறது. எனக்கு அது சுரப்பதில்லை. அது இல்லாவிட்டால் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் சேராது, சீனியாகி இரத்தத்திலேயே நிற்கும். ஆகவே காலையும் பின்னேரமும் ஊசி. என் ஊசி மருந்து பால் மாதிரிக் கலங்கலாக, சிறிய போத்தலில் வரும். அதைக் குளிரில் வைக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் வெளியே விட்டால் கெட்டுப்போகும்.

என் வீட்டுக்காரர் கடற்கரையில் ஒரு மீன்வாடியில் வேலை செய்தார். இனி நான் ‘இவர்’ என்று எழுதினால் அவரைத்தான். வள்ளங்களில் வரும் மீனைப் பெட்டியில் அடுக்கி லொறியில் ஏற்றுவது இவருடைய வேலை. ஒரு வரிசை நொறுக்கின ஐஸ், ஒரு வரிசை மீன், மேலே நிலாவெளிக் கல்லுப்பு. உப்புப் போட்டால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும். இவர் அடுக்கின பெட்டியைக் கண்டியில் போய்த் திறந்தாலும் பாரைமீன் தடி மாதிரி விறைத்துக் கிடக்கும் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிவார். இவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கலியாணமாகி ஐந்து வருடம் ஒன்றும் தங்கவில்லை. ஆறாம் வருடம் தங்கியது. கிளினிக்கில் டொக்டர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினார். தாயின் இரத்தத்தில் கூடுகிற சீனி கொப்பூழ்க்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். பிள்ளை கொழுக்கும். பார்ப்பதற்கு நல்ல வளர்த்தி, ஆனால் உள்ளே பலவீனம். திடீரென்று துடிப்பு நின்றுபோகவும் கூடும். ஊசியை ஒழுங்காகப் போட்டு வாயைக் கட்டினால் பெரும்பாலும் பயமில்லை என்றார். இரண்டையும் செய்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுவரை என் போத்தல் முதலாளி வீட்டுப் பிரிஜ்ஜில் இருந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே வீடு. வயிற்றைத் தள்ளிக்கொண்டு காலையும் பின்னேரமும் போய் எடுத்து வருவேன். எனக்கு ஐந்து மாதம் நடக்கும்போது ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடியும் தொடங்கியது. மின்சாரம் போனது போனதுதான், வரவில்லை. முதலாளியின் மனைவி பிரிஜ்ஜுக்குள் மாவும் பருப்பும் வைக்கத் தொடங்கினார். பாதைகளை மூடினார்கள், கிளினிக்கும் நடக்கவில்லை; கடைசியாக அங்கே தந்த போத்தல்கள்தான் கையிருப்பு. ஐஸ் அடிக்கிற இடத்தில் மட்டும் அவர்களுடைய சொந்த எஞ்சின் இருந்தது. அது இடைக்கிடை ஓடியது.

இவர் அன்றைக்கே பலகை வெட்டி ஒரு சின்னப் பெட்டி அடித்தார். சுற்றிவர மரத்தூள், நடுவில் ஐஸ், ஐஸுக்கு நடுவில் என் போத்தல்.

“இஞ்ச பார், ஆருடைய பிரிஜ்ஜும் எங்களுக்குத் தேவையில்ல. கண்டிவரைக்கும் மீனைப் பழுதாகாமல் அனுப்பிறவனுக்கு இந்தப் போத்தலைக் காக்க ஏலாதோ?”

உப்பையும் அள்ளிப் போட்டார். காலையில் போத்தலை வெளியே எடுத்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டிக்கொண்டே குசினி வாசலில் நிற்பார்.

“கொஞ்சம் பொறு, கட்டி கரையட்டும். இந்தக் குளிரோட குத்தினா உனக்கு நோகும்.”

எங்கள் கலியாண வாழ்வில் இவர் என்னோடு மிகவும் அன்பாக இருந்த காலம் அதுதான்.

சீனி எவ்வளவு என்று பார்க்க அந்த நாளில் வீட்டில் மெஷின் கிடையாது. குழாயில் ஒரு நீலத் தண்ணீரை விட்டு, அதில் சில துளி சிறுநீர் சேர்த்து, விளக்கில் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் கூடாது. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. ஐஸ் பெட்டி வந்த பிறகு எனக்கு எப்போதும் செங்கல் நிறம். ஊசி அளவைக் கூட்டினேன், பின்னும் கூட்டினேன். நிறம் மாறவில்லை. ஒரே தாகம், ஒரே களைப்பு.

என் மாமிக்கு, இவருடைய தாய்க்கு, ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. சீனி ரின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“வாயைக் கட்ட ஏலாதே பிள்ளை? உனக்காக வேண்டாம், வயித்தில கிடக்கிறதுக்காகவாவது கட்டு.”

நான் ஒரு பனங்கட்டித் துண்டுகூடக் கடித்ததில்லை. தின்றுவிட்டுப் பேச்சு வாங்கியிருந்தால் ருசியாவது மிஞ்சியிருக்கும். இவர் தாயின் முன்னால் ஒன்றும் சொல்லமாட்டார். தனியே வந்து, “சத்தியமாச் சாப்பிடேல்லையோ?” என்று கேட்டார். அதற்கு நான் அழுதேன்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் பிள்ளை அசையவில்லை. சோறு சாப்பிட்டதும் உதைக்கிற பிள்ளை அது. சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்துப் பார்த்தேன், வலப்பக்கம் படுத்துப் பார்த்தேன். ஊரடங்கு போட்டிருந்ததால் விடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் வாடி லொறியின் முன்சீட்டில் என்னையும் மாமியையும் ஏற்றினார்கள். இவர் பின்னால் வெறும் மீன்பெட்டிகளோடு நின்றுகொண்டு வந்தார். பாதையை மறித்திருந்த சென்றியில் ஆமிக்காரன் எட்டிப் பார்த்தான். மாமி என் வயிற்றைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். போகவிட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர், வயது குறைந்தவர். மரக்குழலை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஒரு இடத்தில் வைத்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார், இன்னும் கொஞ்சம் கீழே வைத்தார். பிறகு தாதி மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லையாம். உயிரில்லாத பிள்ளையையும் நோவெடுத்துப் பெறத்தான் வேண்டுமாம். சீனி உள்ள உடம்பில் வெட்டின புண் ஆறுவது கடினம், அதனால் தாய்க்கும் ஆபத்து என்றார்கள். சேலைனில் மருந்து ஏற்றினார்கள். ஒரு பகல் முழுக்கக் கத்தினேன். பெண் பிள்ளை. தலை நிறைய முடி. மருத்துவிச்சி தூக்கிப் பார்த்து, “என்ன வளர்த்தி...” என்று தொடங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இவர் பிள்ளையைத் தன் வெள்ளை வேட்டியில் சுற்றி வாங்கினார். விறாந்தையில் இவர் குழறி அழுத சத்தம் எனக்குக் கேட்டது. வாடிச் சனமெல்லாம் வந்து இவரைத் தாங்கிப் பிடித்தார்களாம். என் பக்கத்தில் நின்ற மாமி, “எத்தினை தரம் சொன்னனான்” என்று மட்டும் சொன்னார். பெற்றவள் நான், அழுகிற ஆள் இவர். அந்த அழுகையின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

வாட்டில் இடமில்லை. திரியாய்ப் பக்கமிருந்தும் மூதூர்ப் பக்கமிருந்தும் இடம்பெயர்ந்த சனம் பாயிலும் கிடந்தது. என்னைத் தனியே போட ஒரு மூலையும் இல்லை, பிள்ளை பெற்றவர்களுக்கு நடுவில்தான் கட்டில். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த பரீதா. நாலாவது பிள்ளை, ஆண். அவளுக்குச் சத்தமாகத்தான் கதைக்க வரும். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் கிணுகிணு என்று கலக்குவாள். பிள்ளை அழுதால், “இவன் என்னைச் சாகடிக்கிறான்” என்பாள். எனக்கு அவளுடைய சீனியிலும் பொறாமை, பிள்ளையிலும் பொறாமை, அந்தச் சலிப்பிலும் பொறாமை. பிள்ளை அழுகிறது என்று அலுத்துக்கொள்ள எவ்வளவு குடுத்துவைத்திருக்க வேண்டும்! அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன என்றுகூட ஒரு முறை நினைத்தேன். நினைத்ததை நினைத்தபடி எழுதுகிறேன்.

பிறகு எனக்குப் பால் வந்தது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது? நெஞ்சு கல்லாகக் கட்டி, சட்டை நனைந்து, பரீதாவின் மகன் அழும்போதெல்லாம் இன்னும் சுரந்தது. மாமி ஒரு இலைச் சரை நிறைய மல்லிகைப் பூவைக் கொண்டுவந்து மார்பில் பரப்பிப் பழஞ்சீலைத் துணியால் இறுக்கிக் கட்டினார். எங்கள் பக்கத்தில் பால் வற்றுவதற்குப் பெண்கள் செய்வது அது. பூ வாடவாட மாற்றினார். பூ வாங்கத் தன் நடுங்குகிற காலோடு இரண்டு சென்றி தாண்டிப் போய்வந்தார் என்று பிறகுதான் தெரியும். வாட்டு முழுவதும் மல்லிகை மணந்தது. பார்வையாளர் நேரத்தில் வந்த யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சி, “ஆர் இஞ்ச பூ வைச்சிருக்கிறது?” என்று சிரித்தாள். பரீதா அவளை ஒரு முறை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

ஆஸ்பத்திரிச் சாப்பாடுதான் சாப்பிட்டேன், ஆனாலும் செங்கல் நிறம் மாறவில்லை. ஆஸ்பத்திரியிலும் மருந்துக்குத் தட்டுப்பாடு. அதனால் என் போத்தலைத்தான் பாவித்தார்கள். இவர் அதைத் தினமும் ஐஸ் பெட்டியோடு கொண்டுவந்து தருவார். “வெளிச்சாப்பாடு என்ன சாப்பிட்டனீங்க?” என்று மிஸ்ஸியும் மாமியைப் போலவே கேட்டார். ஒரு நாள் அந்தப் பெண் டொக்டர் ஏதோ யோசித்துவிட்டு ஆஸ்பத்திரிப் போத்தலிலிருந்து எடுத்து ஊசி போடச் சொன்னார். அடுத்த நாள் காலை குழாயில் பச்சை.

டொக்டர் என் போத்தலை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மெல்லக் குலுக்கினார். பால் மாதிரி இருக்க வேண்டிய மருந்தில் சின்னச் சின்னக் கட்டிகள் மிதந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன.

“இதை எங்க வைச்சிருந்தீங்க?”

“ஐஸுக்குள்ள, டொக்டர்.”

“ஐஸுக்குப் பக்கத்திலயோ, உள்ளேயோ?”

“உள்ள. உப்பும் போட்டு.”

அவர் என் கட்டிலில் உட்கார்ந்தார். உங்களில் யாருக்காவது இந்த ஊசி இருந்தால் இதைக் கவனமாக வாசியுங்கள். இந்த மருந்துக்குக் குளிர் வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஒரு முறை உறைந்துவிட்டால் பிறகு உருக்கினாலும் அதன் வேலை பெருமளவு போய்விடும், உயிரைப் பிடித்துவைக்குமே தவிரச் சீனியை அடக்காது. உறைந்ததை எறிந்துவிட வேண்டும். பிரிஜ் இல்லாதவர்கள் மண்சட்டியில் ஈர மணல் போட்டு நிழலில் வைத்தாலே போதும். மூன்று மாதமாக நான் எதைக் குத்திக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“இதாலதான் எண்டு நான் சொல்ல ஏலாது,” என்றார் டொக்டர். “எல்லாம் சரியா இருந்தும் சிலருக்கு இப்படி நடக்கும். ஆனா உங்கட சீனி ஏறினது சாப்பாட்டால இல்ல. வீட்டுக்காரரிட்ட நான் சொல்லட்டோ?”

“வேண்டாம். நானே சொல்றன்.”

அவர் போனதும் திரும்பிப் பார்த்தேன். பரீதா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள்.

“நான் ஒண்டும் கேக்கல்ல, தங்கச்சி,” என்றாள்.

என் கையில் இப்போது ஒரு வசனம் இருந்தது. அதைச் சொன்னால் நான் தப்பினேன். மாமி திறப்பை இடுப்பிலிருந்து எடுக்க வேண்டும். சீனி தின்று பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயர் என்னை விட்டுப் போகும். ஆனால் அந்த வசனம் நேரே போய் இவர் தலையில் விழும். பெட்டி அடித்தவர் இவர், உப்புப் போட்டவர் இவர், உள்ளங்கையில் உருட்டித் தந்தவரும் இவர். ஒன்றும் தெரியாமல் விறாந்தையில் அழுதுகொண்டிருக்கிற மனிதர். இவருக்குத் தெரியாது என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கும் அப்படி ஒன்றும் தெரியாமல் அழ வேண்டும் போல் இருந்தது.

அன்று பின்னேரம் வழமைபோல வந்தார், கையில் ஐஸ் பெட்டி. மாமி பூ மாற்றத் துணி அலசப் போயிருந்தார். பரீதாவுக்கு வெளியே போக வேண்டியிருந்தது. என்னிடம் பிள்ளையைத் தர அவளுக்கு மனம் வரவில்லையோ, என் நெஞ்சுக்கட்டைப் பார்த்து இரங்கினாளோ தெரியாது, இவரைப் பார்த்து, “அண்ணன், கொஞ்சம் புள்ளயப் புடிங்க” என்றாள்.

இவர் எழுந்தார். பிள்ளையைப் பார்த்தார். அந்த நாட்களில் முதல் முறையாக இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவ்வளவுதான், எனக்குள் எல்லாம் பற்றிக்கொண்டது. வேறொருத்தியின் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாரே! ‘உங்கட ஐஸ்தான் எங்கட பிள்ளையைக் கொன்றது’ என்ற வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

இவர் பிள்ளையைத் தொடவில்லை. கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளங்கைகளைத் தேய்தேயென்று தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார்.

“என்ன செய்றீங்கள்?” என்றேன்.

“என்ட கை ஐஸ் பிடிச்ச கை எல்லோ. பச்சப் பிள்ளைக்குக் குளிர் கூடாது.”

சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், டொக்டர் தந்துவிட்ட புதுப் போத்தலை வைத்துக்கொண்டு பழையதை எறிந்தேன். “புது மருந்தாம். இதை ஐஸுக்குள்ள வைக்கக் கூடாதாம், ஈர மணலுக்குள்ளதான் வைக்கோணுமாம்,” என்று சொன்னேன். பழைய மருந்து வேறு வகை என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னேன். “அப்படியோ,” என்றார். மண்சட்டியும் குருமணலும் கொண்டுவந்து தந்தார். ஐஸ் பெட்டி கொஞ்ச நாள் வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் கிடந்தது. பிறகு அதை உடைத்து அடுப்பில் வைத்தோம்.

நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ஒழுங்கையில் போகும் பிள்ளைத்தாய்ச்சிகளை யன்னலுக்குள் நின்று எண்ணினேன். கிளினிக் திறந்த பிறகு, ஆஸ்பத்திரியில் பார்த்த அதே டொக்டரிடம் போய், எனக்கு எல்லோர் மேலும் எரிகிறது என்றே சொன்னேன். அதற்கும் மருந்து எழுதுவார் என்று நினைத்தேன். “எரியத்தான் செய்யும். ஆனா ஊசியை மட்டும் விட்டுடாதீங்க,” என்றார். பிள்ளையை இழந்தவளிடம் பொறாமை இருந்தால் அவள் கெட்டவள் இல்லை என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் இதில் நானும் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மாமி பூ கட்டின கையாலேயே கதையும் கட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், “வாயைக் கட்டியிருந்தா இண்டைக்கு ஒரு பெட்டை தவண்டு திரியும்” என்பார். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அன்புவழிபுரத்திலிருந்து சொந்தக்காரர் வந்திருந்தபோது மாமி அதையே தொடங்கினார். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“அம்மா, அவ சீனி தின்னேல்ல. இனிமேல் இந்த வீட்டில அந்தக் கதை எடுக்கக் கூடாது.”

இவர் தாயை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். மாமி எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் சீனி ரின் அலுமாரிக்கு வெளியே இருந்தது. பெண்சாதிக்காகக் கண்ணை மூடிக்கொண்டு பேசினார் என்றுதான் நான் நினைத்தேன்.

அதன் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை. மாமி போய்ச் சேர்ந்தார். சண்டையும் முடிந்தது. பரீதாவின் மகன் இப்போது கடற்கரையில் ஓட்டோ வைத்திருக்கிறான். அவனைக் கண்டால் எங்கள் மகளுக்கும் இந்த வயதுதானே என்று மனம் ஓடும், பழைய எரிவு வரும். ஒரு முறை மட்டும் அவனுடைய ஓட்டோவில் ஏறியிருக்கிறேன். நன்றாகத்தான் ஓட்டினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களிடமும் இப்போது ஒரு பிரிஜ் இருக்கிறது. என் போத்தலை மேல்தட்டில், ஐஸ் கட்டுகிற அறைக்குக் கீழே வைப்பேன், கைக்கு எட்டுவது அங்கேதான். ஊசி நேரம் திறந்தால் அது கதவின் அடித்தட்டில் இருக்கும். கதவு அடிபட்டு விழுந்திருக்கும், இவர் எடுத்து வைத்திருப்பார் என்று மறுபடியும் மேலே வைப்பேன். திரும்பவும் கீழே போயிருக்கும். மாதக் கணக்காக இப்படியே நடந்தது. போன கிழமை நான் குசினிக்குள் நுழையும்போது, இவர் பிரிஜ்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு போத்தலை வெளிச்சத்தில் பிடித்திருந்தார். டொக்டர் அன்று பிடித்த அதே மாதிரி. மெல்லக் குலுக்கினார். கட்டி ஏதும் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு குனிந்து அடித்தட்டில் வைத்தார்.

“ஏன் அதைக் கீழ வைக்கிறீங்கள்?”

இவர் திரும்பவில்லை.

“மேல குளிர் கூட,” என்றார்.

யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பரீதாவாக இருக்கலாம், டொக்டராக இருக்கலாம். ஐஸோடு வாழ்ந்த மனிதர், தானே கண்டுபிடித்தும் இருக்கலாம். தாயின் முன்னால் கோப்பையைத் தள்ளி வைத்த நாளிலேயே இவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் தெரியாமல் அழுகிறாரே என்று இத்தனை வருடம் நான் பொறாமைப்பட்ட ஆள், எல்லாம் தெரிந்துகொண்டு, என் பொய்யையும் நம்பினவராக என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார்.

ஊசிக்கு நேரமாகியிருந்தது. “போத்தலை எடுத்துத் தாங்கோ,” என்றேன். எடுத்தார். முன்பு செய்ததுபோல இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டத் தொடங்கினார். சட்டென்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“உருட்டுங்கோ,” என்றேன். “குளிரோட குத்தினா நோகும்.”